சிபெட் டெஸ்ட்: பரிசோதனை அருமை, ரிப்போர்ட் தந்த விதம் மோசம்

எக்கோவில் அப்பாவின் இதயம் பம்ப் பண்ணும் அளவு 30 சதவீதம். அதே 30-ஐ வைத்துக்கொண்டு காட்டில் மஞ்சளுக்குத் தண்ணி கட்டுகிறவரும் உண்டு, கட்டிலை விட்டு இறங்க முடியாதவரும் உண்டு. அதனால்தான், உடம்பு உழைக்கும்போது இதயமும் நுரையீரலும் எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கும் சிபெட் (CPET) டெஸ்ட்டை டாக்டர் எழுதிக் கொடுத்தார். கோபியிலிருந்து கோவைக்கு, ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம்.

சைக்கிளில் உட்கார வைத்து, மூக்கும் வாயும் மூட முகமூடி மாட்டி, நெஞ்சில் ஈசிஜி ஒயர் ஒட்டுகிறார்கள். மிதிக்க மிதிக்கப் பாரம் ஏறும். உடம்பு எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது, எவ்வளவு கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகிறது என்று ஒவ்வொரு மூச்சுக்கும் கருவி அளக்கிறது. டெக்னீஷியன் பொண்ணு தங்கமான பொண்ணு. "முடியலைன்னா கையைக் காட்டுங்கய்யா" என்று பக்கத்திலேயே நின்றது. முகமூடியைக் கழற்றியதும் அப்பா சொன்னார்: "மூச்சு இருக்குது அம்மிணி, முட்டிதான் புடிக்குது."

ரிப்போர்ட்டை கவுண்டரில் ஒரு கவரில் போட்டு நீட்டிவிட்டார்கள். விளக்க ஆளே இல்லை. உச்ச ஆக்சிஜன் அளவு, கிலோவுக்கு நிமிடத்துக்கு 13 மில்லி. 14-க்கு மேல் இருந்தால் இதய மாற்று ஆபரேஷனைத் தள்ளிப்போடலாம் என்பது 1991-இல் டோனா மான்சினி குழுவின் ஆய்விலிருந்து வந்த கணக்கு. 13-ஐப் பார்த்து அம்மா அழுதே விட்டார். இதய நோயாளி குடும்பத்தை இப்படி அனுப்பக்கூடாது.

மறுநாள் எங்கள் டாக்டர்தான் பொறுமையாகச் சொன்னார். பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் கோடு 14 இல்லை, 12. அதோடு அப்பாவின் ஆர்.இ.ஆர். (வெளியே விடும் கார்பன் டை ஆக்சைடை, எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனால் வகுத்தால் வரும் எண்) 0.98தான். 1.05-ஐத் தாண்டாவிட்டால் முழு முயற்சி போடவில்லை என்று அர்த்தம், அந்த 13-ஐ அப்படியே நம்ப முடியாது. முட்டி வலி என்று அவர் சொன்னதை ரிப்போர்ட்டில் யாரும் எழுதவில்லை!

இந்த மாதிரி நேரத்தில் கைகொடுப்பது விஇ-விசிஓ2 ஸ்லோப். கார்பன் டை ஆக்சைடை வெளியேற்ற எவ்வளவு மூச்சு செலவாகிறது என்ற கணக்கு அது. முழு வேகத்தில் மிதிக்காவிட்டாலும் இது பேசும். 35-ஐத் தாண்டினால் கவலைப்படணும். அப்பாவுக்கு 31. இதைக் கேட்ட பிறகுதான் அம்மா சாப்பிட்டார்.

டெஸ்ட்டுக்கு ஐந்து நட்சத்திரம், ரிப்போர்ட் தந்த விதத்துக்கு ஒன்று. போகிறவர்கள் ஸ்லோப்பும் ஆர்.இ.ஆரும் ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்க. வழக்கமான மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிட்டுப் போகாதீங்க.