1967, 1996: இரண்டு தோல்விகள்

ஆளுங்கட்சி தோற்றால் மக்கள் நிராகரித்தது ஆட்சியையா, கொள்கையையா? 1996 சட்டமன்றத் தேர்தலில் அதிமுக வென்றது 4 தொகுதிகள்தான். பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். 'கட்சி முடிந்தது' என்றார்கள். 2001-இல் அவர் மீண்டும் முதல்வர். ஊழல் புகார்கள், ஆடம்பரத் திருமணம், ரஜினியின் குரல், திமுக–தமாகா (தமிழ் மாநில காங்கிரஸ்) கூட்டணி: அன்று மக்கள் தண்டித்தது ஆட்சியை. கொள்கை எதையும் அவர்கள் மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை. 1991-இல் 2 இடங்களோடு சுருண்டிருந்த திமுகதான் 1996-இல் ஆட்சிக்கே வந்தது!

1967 வேறு ரகம். அன்று காங்கிரஸ் திமுகவிடம் ஆட்சியை இழந்தது. காமராஜரே விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். ஆனாலும் காங்கிரஸ் ஏறத்தாழ 41 சதவீத வாக்கு வாங்கியது. குறைவான இடங்களில் நின்ற திமுகவின் பங்கைவிடச் சற்று அதிகம். ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் மார்க்சிஸ்ட்டுகளும் திமுகவின் அணியில் ஒன்றாக நின்ற தேர்தலை முழுக்க இந்தித் திணிப்புக்கு எதிரான கொள்கைத் தீர்ப்பு என்று சொல்ல எனக்குத் தயக்கம்தான். அரிசிப் பஞ்சமும் சேர்ந்தே அடித்தது.

பிறகு நடந்ததுதான் வித்தியாசம். 1968-இல் வந்த, தமிழும் ஆங்கிலமும் போதும் என்ற இருமொழிக் கொள்கையை அதற்குப் பின் ஆண்ட எந்தக் கட்சியும் தொடவில்லை. காங்கிரஸ் இன்றுவரை தனித்து ஆட்சி பிடிக்கவில்லை. பெரும்பாலும் ஏதாவதொரு திராவிடக் கட்சியின் தோளில்தான் பயணித்தது.

இழந்த இடங்களை எண்ணினால் 1996-தான் பெரிய அடி. நான் பார்ப்பது, அடுத்து ஜெயித்தவர் பழைய கொள்கைக்குத் திரும்பத் துணிந்தாரா என்பதை. 1967-க்குப் பின் மொழி விஷயத்தில் யாரும் துணியவில்லை.