ஒரே சூரணம், இரண்டு இரத்த அறிக்கை: தைரொயிட் குறைவுக்கு எந்த வைத்தியம் எவ்வளவு தூரம் போகும்?

தைரொயிட் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரி.எஸ்.எச். என்ற இரத்தப் பரிசோதனை எண் சின்னம்மாவுக்கு 6.8. எனக்கு முதன்முதலில் பார்த்தபோது 41. இரண்டு பேருக்கும் சொல்லப்பட்ட நோய் ஒன்றுதான், தைரொயிட் குறைவு. திருகோணமலை உவர்மலையில் ஒரே வீட்டுக் குசினியில், ஒரே போத்தலில் இருந்து அமுக்கராச் (அஸ்வகந்தா) சூரணம் எடுத்து, இரண்டு பேரும் பாலில் கலந்து குடித்தோம். மூன்று மாதத்தில் சின்னம்மாவின் எண் 3.9க்கு இறங்கியது. தைரொக்சின் குளிசையில் 3க்கு வந்திருந்த நானோ, சூரணம் இருக்கிறதே என்று குளிசையை நிறுத்தினேன். எண் 50ஐத் தாண்டிவிட்டது.

அந்த மூன்று மாதத்தில் முகம் வீங்கியது, மலம் இறுகியது, பங்குனி வெயிலிலும் போர்த்திக்கொண்டு படுத்தேன். சூரணத்தை நான் குறை சொல்லவில்லை. இரண்டு பேரின் நோயும் ஒன்றல்ல என்பதை அப்போது நான் விளங்கிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அதனால் எந்த மருந்து நல்லது என்று பார்ப்பதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன்.

ரி.எஸ்.எச். கழுத்துச் சுரப்பியில் ஊறுவதல்ல. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, 'வேலை செய்' என்று தைரொயிட்டை விரட்ட அனுப்பும் ஓமோன் அது. சுரப்பி சோரச் சோர இந்த எண் ஏறும். பெரும்பாலான ஆய்வுகூடங்களில் ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை சாதாரணம். 4க்கு மேல் 10க்குள் நின்று, தைரொயிட் சுரக்கும் ஓமோனான ரி4 (தைரொக்சின்) சரியாக இருந்தால் அது தொடக்கநிலைக் குறைவு. ரி.எஸ்.எச். ஏறி, ரி4உம் விழுந்துவிட்டால் அது முழுக்குறைவு. தொடக்கநிலையில் இருப்பவர்களில் பலருக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எண் தானாகவே இறங்கியிருக்கும். பிள்ளை பெற்ற பின் வரும் தைரொயிட் அழற்சியும் பல பெண்களுக்குத் தானாகவே ஆறும். இந்த இடைவெளியில் எதைக் குடித்தாலும், குடித்ததற்குத்தான் பெயர் போகும். சின்னம்மாவுக்கு சூரணம் உதவியதா, தானாக இறங்கியதா என்று அவராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

சரி, இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தைரொக்சின் குளிசை

சுரப்பி தராத ரி4ஐ இது அப்படியே தருகிறது. தூண்டுவதோ சுத்திகரிப்பதோ இதன் வேலையல்ல, இல்லாததை ஈடுகட்டுவதுதான். அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் காசில்லாமல் கிடைக்கும். அளவு கூடினாலும் குறைந்தாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் இரத்தத்தில் தெரிந்துவிடும். வேறு எந்த வழியிலும் இவ்வளவு துல்லியமாக அளந்து திருத்த முடியாது.

இதற்குக் குறையும் உண்டு. வெறும் வயிற்றில் எடுத்து, அரை மணியிலிருந்து ஒரு மணிநேரம் பொறுக்க வேண்டும். எழும்பியவுடன் தேத்தண்ணி குடிக்காமல் கண் திறக்காத ஊர் நம்முடையது. பாதிப் பேர் குளிசையையும் பால் தேத்தண்ணியையும் ஒன்றாக விழுங்கிவிட்டு, "மருந்து வேலை செய்யவில்லை" என்று நாட்டு வைத்தியத்துக்குப் போகிறார்கள். காலையில் முடியாதவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று மணிநேரம் கழித்து, படுக்கும்போது எடுக்கலாம். நோன்பு காலத்திலும் இந்த வழி உதவும். மாற்றுவதற்கு முன் வைத்தியரிடம் ஒரு சொல் சொன்னால் போதும்.

இன்னொன்று. தைரொக்சின் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஏழு நாள் பிடிக்கும். அதனால் நிறுத்தியவுடன் எதுவும் தெரியாது. முதல் இரண்டு வாரமும் எனக்கு நல்ல சுகமாகத்தான் இருந்தது. 'பார், குளிசை இல்லாமலே நன்றாக இருக்கிறேன்' என்று வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அது உடம்பில் மிச்சமிருந்த குளிசையின் சுகம்.

சித்த மருந்து

நிலாவெளி வீதியில், கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. படித்த சித்த வைத்தியரிடம் போவதும், சந்தைப் பக்கம் யாரோ பொட்டலம் கட்டித் தந்ததைக் குடிப்பதும் ஒன்றல்ல. நான் பின்னால் போய்க் கேட்ட சித்த வைத்தியர் முதலில் கேட்டதே இரத்த அறிக்கையைத்தான். பார்த்துவிட்டு, "குளிசையை விடாதேங்கோ பிள்ளை, மலச்சிக்கலுக்கும் உடம்பு நோவுக்கும் நான் தாறன்" என்றார். அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

அமுக்கராவுக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. 2018இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், தொடக்கநிலைக் குறைவு உள்ள 50 பேரில் ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 600 மில்லிகிராம் அமுக்கரா வேர்ச் சாறு எட்டு வாரம் கொடுத்தார்கள். ரி.எஸ்.எச். இறங்கியது. ஆனால் 50 பேர், எட்டு வாரம் என்பது சிறிய கணக்கு. அதிலும் முழுக்குறைவு உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை, அதாவது என்னைப் போன்றவர்கள் அதில் இல்லை. அமுக்கரா எடுத்துத் தைரொயிட் அளவுக்கு மீறி ஓடியவர்களும், ஈரல் பாதிக்கப்பட்டவர்களும் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு இது கூடவே கூடாது.

எல்லாவற்றையும் விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது செந்தூரத்தையும் பற்பத்தையும் பற்றி. அயச் செந்தூரம், அன்னபேதிச் செந்தூரம் இரண்டும் இரும்பு. சங்கு பற்பம், முத்துச்சிப்பி பற்பம், பவள பற்பம் எல்லாம் சுண்ணாம்புச் சத்து, அதாவது கல்சியம். இரும்பும் கல்சியமும் குடலில் தைரொக்சினைப் பிடித்துவைத்து, உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ஆஸ்பத்திரி இரும்புக் குளிசைக்குச் சொல்லும் நான்கு மணிநேர இடைவெளியை இவற்றுக்கும் வைக்க வேண்டும். சோர்வுக்கு என்று செந்தூரத்தைத் தேனில் குழைத்துக் காலையில் குளிசையோடு சேர்த்து எடுப்பவருக்கு, சோர்வு கூடத்தான் செய்யும். இங்கே பற்பம் தருபவரிடம் குளிசையைச் சொல்வதில்லை, குளிசை எழுதுபவரிடம் பற்பத்தைச் சொல்வதில்லை. இரண்டு பேரிடமும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். யாரும் ஏசினாலும் பரவாயில்லை.

அயடீன், கடற்பாசிக் குளிகை

கனடாவில் இருந்து மச்சாள் கெல்ப் குளிகைப் போத்தல் ஒன்று அனுப்பியிருந்தாள். அன்பாக அனுப்பியதுதான், ஆனாலும் நான் திறக்கவில்லை. வளர்ந்தவருக்கு நாளுக்குத் தேவையான அயடீன் 150 மைக்ரோகிராம். கெல்ப் வகைப் பாசியில் ஒரு கிராமிலேயே ஆயிரக்கணக்கான மைக்ரோகிராம் இருக்கலாம். அளவுக்கு மிஞ்சி அயடீன் போனால் தைரொயிட் தன் வேலையைத் தானே நிறுத்திக்கொள்ளும். 1948இல் வோல்ஃப், சைக்கோஃப் இருவரும் காட்டியது இதைத்தான். நல்ல சுரப்பி சில நாளில் மீண்டுவிடும். ஏற்கெனவே நொந்த சுரப்பி மீளாமலும் போகலாம்.

இலங்கையில் உப்பில் அயடீன் சேர்ப்பது 1995இல் கட்டாயமாக்கப்பட்டது. அயடீன் போதுமான நாடுகளில் தைரொயிட் குறைவுக்கு முதற் காரணம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய். அதற்கு அயடீனைக் கூட்டிப் பயனில்லை. ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும்: கடலோரத்தில் இருப்பதால் உப்பளத்து உப்பிலேயே அயடீன் இருக்கிறது என்று இங்கே பலர் நம்புகிறார்கள். சேர்க்காத கடல் உப்பில் அயடீன் மிகக் குறைவு. கடல்மீனில் உண்டு. அயடீன் சேர்த்த உப்பும் வாரத்தில் சில நாள் மீனும் போதும். நோன்பு காலத்துக் கடற்பாசிப் பலகாரம் வேறு சாமான், அதற்குப் பயப்பட வேண்டாம்.

உலர்த்திய பன்றித் தைரொயிட்

வெளிநாட்டுச் சொந்தங்கள் 'இயற்கையானது' என்று சொல்லும் மருந்து இது. வரலாறு உள்ள மருந்துதான். 1891இல் ஜோர்ஜ் மரே என்ற ஆங்கில வைத்தியர் ஆட்டின் தைரொயிட் சாற்றை ஊசியில் ஏற்றி ஒரு பெண்ணைக் காப்பாற்றினார். அந்தப் பெண் அதற்குப் பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். தைரொக்சினைத் தனியே பிரித்தெடுத்தது 1914இல், செயற்கையாக உருவாக்கியது 1927இல். அதனால் பழையது இதுதான், குளிசை பின்னால் வந்த திருத்தம். மனிதச் சுரப்பியில் ரி4க்கும், தைரொயிட்டின் இன்னொரு ஓமோனான ரி3க்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 14க்கு 1, பன்றியில் 4க்கு 1. ரி3 கூடிப்போனால் நெஞ்சு படபடக்கும். வயதானவர்களுக்கு இது விளையாட்டல்ல. சைவக்காரருக்கும் முஸ்லிம்களுக்கும் பன்றி என்பதே பேச்சை முடித்துவிடும்.

உணவு, ஹோமியோபதி, மற்றவை

ஹோமியோபதி உருண்டைகள் தைரொயிட் குறைவை மாற்றியதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. தேங்காயெண்ணெயும் அப்படித்தான், கறிக்கு நல்லது. செலனியம், ஹாஷிமோட்டோ நோயில் இரத்தத்தில் காணப்படும் எதிர்ப்புப் புரதத்தின் அளவைக் குறைக்கலாம், ஆனால் குளிசையின் தேவையைக் குறைத்ததாகத் தெளிவில்லை. கோவாவையும் முள்ளங்கியையும் அவித்துச் சாப்பிட்டால் பயமில்லை. மரவள்ளியை நன்றாக அவித்து, தண்ணீரை ஊற்றிவிட்டு, மீனோடு சாப்பிடலாம். தலைமுடி கொட்டுகிறது என்று பயோட்டின் எடுப்பவர்கள் இரத்தம் கொடுக்க இரண்டு நாள் முன்பே அதை நிறுத்துங்கள். சில ஆய்வுகூட முறைகளில் அது ரி.எஸ்.எச்.ஐப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

என் தீர்ப்பு இதுதான். ரி4 விழுந்துவிட்டதா, கர்ப்பமா, கர்ப்பத்துக்கு ஆயத்தமா, அங்கே குளிசைதான். கர்ப்பத்தில் அளவு வழக்கமாகக் கூட்டவும் வேண்டிவரும். குழந்தையின் மூளை வளர்ச்சி அதில் தங்கியிருக்கிறது. தொடக்கநிலையில், வைத்தியரும் பொறுக்கலாம் என்றால், சித்த வைத்தியரின் மருந்தை எட்டு வாரம் பார்க்கலாம். முன்னும் பின்னும் ஒரே ஆய்வுகூடத்தில், காலையில் ஒரே நேரத்தில் இரத்தம் கொடுங்கள்.

நான் இப்போது படுக்கும்போது 100 மைக்ரோகிராம் எடுக்கிறேன், காலைத் தேத்தண்ணி தப்பியது. சின்னம்மா சூரணத்தை விடவில்லை. அவருக்கு எதிர்ப்புப் புரதம் இருப்பதும் தெரியவந்தது. இங்கிலாந்தின் விக்கம் பகுதியில் 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, அந்தப் புரதமும் ஏறிய ரி.எஸ்.எச்.உம் சேர்ந்திருந்த பெண்களில் ஆண்டுக்கு 100க்கு ஏறக்குறைய 4 பேர் முழுக்குறைவுக்குப் போனார்கள். அதனால் தைப்பொங்கல் கழிந்த கிழமை அவரை இரத்தம் கொடுக்கக் கூட்டிப் போகிறேன். ஈரலுக்கான பரிசோதனையையும் சேர்த்துச் செய்யச் சம்மதித்திருக்கிறார்.