அம்மாவின் சக்கர நாற்காலியோடு ஒரு கப்பலில்

பழைய கப்பல் என்றாலே செங்குத்தான ஏணிப்படிகள்தான் நினைவுக்கு வரும். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி, பெரியம்மாவுக்குக் கைத்தடி. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நிற்கும் எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன் என்ற பழைய கப்பலுக்கு இருவரையும் அழைத்துப் போகும்போது பாதியில் திரும்ப வேண்டியிருக்கும் என்றே நினைத்தேன். திரும்பவில்லை.

பொறியாளர் புரூனெல் வடிவமைத்து, 1843-இல் நீரில் இறக்கப்பட்ட இரும்புக் கப்பல் இது. தென் அட்லாண்டிக்கில் உள்ள ஃபாக்லாந்து தீவுகளில் கைவிடப்பட்டுக் கிடந்ததை 1970-இல் மிதவைமேல் ஏற்றி அட்லாண்டிக்கைக் கடந்து, கட்டிய அதே உலர்துறைக்கே (தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பல் கட்டும் இடம்) கொண்டுவந்து சேர்த்தார்கள்.

லிஃப்டில் கீழே இறங்கினால் அடிப்பகுதிக்கே போய்விடலாம். தலைக்கு மேல் கண்ணாடிக் கூரை, அதன்மேல் மெல்லிய நீர்ப்படலம். துரு பரவாமலிருக்க உள்ளே காற்றைப் பாலைவனம்போல் வறட்சியாக வைத்திருக்கிறார்கள். அரித்து ஓட்டை விழுந்த இரும்புத் தகடுகளுக்கு அருகில் அம்மா நாற்காலியை நிறுத்தி வெகுநேரம் இருந்துவிட்டார். "எவ்வளவு தைத்தாலும் கிழிந்த புடவைதானே, அதற்காகத் தூக்கிப் போடவில்லை பார்" என்றார்.

கப்பலுக்குள்ளும் லிஃப்ட் இருக்கிறது. முதல் வகுப்பு உணவுக்கூடத்தில் நாற்காலி தாராளமாகத் திரும்பியது. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஏழைகளின் படுக்கைகளோ ஒடுக்கம், பெரியம்மா எட்டிப் பார்த்து, "இதிலா குழந்தைகளோடு படுத்தார்கள்?" என்று கலங்கினார்.

அரை நாளாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்தை முதலில் பாருங்கள், கால் சோர்வதற்கு முன்னால். கப்பலை உந்தும் ஆறு இறக்கைச் சுழல்விசிறிக்கு அடியில் எடுத்த படம்தான் இப்போது அம்மாவின் அலமாரியில் இருக்கிறது.