ஓக்லஹோமா சிட்டி நினைவு மியூசியம்: டல்லஸ்காரர்களுக்கு ஒரு விமர்சனம்

டல்லஸிலிருந்து ஐ-35 ஹைவே பிடித்தால் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவுக்குச் சுற்றிக் காட்டுகிற மாதிரி இடம் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1995 ஏப்ரல் 19 காலை 9.02-க்கு மர்ரா ஃபெடரல் கட்டடத்தின் (மத்திய அரசு அலுவலகங்கள் இருந்த கட்டடம்) முன்னால் குண்டு வைத்த ஒரு வாடகை லாரி வெடித்து 168 பேர் செத்தார்கள், அதில் 19 பேர் குழந்தைகள். கட்டடத்துக்குள்ளேயே குழந்தைகள் காப்பகம் இருந்தது. அதே வெடிப்பில் அடிவாங்கிய பக்கத்துக் கட்டடத்தில்தான் இப்போது மியூசியம்.

ஆரம்பத்திலேயே ஒரு அறையில் டேப் போடுகிறார்கள். மர்ரா கட்டடத்துக்கு எதிர்ப்பக்கம் இருந்த நீர்வள வாரியத்தில் ஒன்பது மணிக்குத் தொடங்கிய கூட்டத்தின் பதிவு அது. நிலத்தடி நீர் அனுமதி பற்றி ஒரு அம்மா ரொம்பச் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார், இரண்டே நிமிடத்தில் வெடிச்சத்தம், அப்புறம் அலறல். சின்னப் பிள்ளைகளை இந்த அறைக்குள் கூட்டிப்போகாதீர்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது புலனாய்வுப் பகுதி. லாரி அச்சில் கிடைத்த எண்ணை வைத்து கான்சாஸில் வாடகைக்குக் கொடுத்த கடை வரை போனார்கள். ஆனால் குண்டு வைத்தவன் அதற்கு முன்பே சிறையில் இருந்தான்: வெடித்து ஒன்றரை மணி நேரத்துக்குள், பின்னால் நம்பர் பிளேட் இல்லாத காரை ஹைவேயில் ஒரு போலீஸ்காரர் நிறுத்த, ஜாக்கெட்டுக்குள் துப்பாக்கி இருந்ததால் பிடித்துப் போட்டிருந்தார். அந்த மஞ்சள் மெர்குரி காரையே வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு நாளும் டிவியில் மத்திய கிழக்குக்காரர்கள் என்றே பேச்சு. இதே ஊரில் வசித்த ஜோர்டான் வம்சாவளி ஆள் ஒருவரைப் பயணத்தின் நடுவே லண்டனில் மடக்கித் திருப்பி அனுப்பினார்கள், அவருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நம்ம நிறத்தில் இருக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் நகர்வார்கள்.

செய்தது யார்? திமோதி மெக்வே, 26 வயது, நியூயார்க் மாநிலத்துப் பையன், வளைகுடாப் போரில் வெண்கல நட்சத்திரப் பதக்கம் வாங்கியவன், சிறப்புப் படைத் தேர்வில் பாதியில் விலகி, பஃபலோவில் செக்யூரிட்டி வேலை பார்த்து, அப்புறம் துப்பாக்கிச் சந்தைகளில் சுற்றித் திரிந்தவன். கூட்டாளி டெர்ரி நிக்கல்ஸ், 1988-ல் ராணுவப் பயிற்சியில் கிடைத்த நண்பன். மூன்றாவது ஆள் மைக்கேல் ஃபோர்ட்டியர், அவனும் அதே ராணுவப் பழக்கம். திட்டம் முழுக்கத் தெரியும், யாரிடமும் மூச்சு விடவில்லை, அரசுத் தரப்பு சாட்சியாக மாறி 12 வருடத் தண்டனையோடு முடித்துக்கொண்டான். பெரிய இயக்கம், தலைமை, உறுப்பினர் அட்டை என்று எதுவும் இல்லை. ராணுவ பாரக்கில் தொடங்கிய சிநேகம், டெக்சாஸில் வேக்கோ பக்கம் ஒரு மதக்குழுவை மத்திய அரசுப் படைகள் முற்றுகையிட்டதன் மேல் இருந்த கோபம் (அது தீயில் முடிந்ததும் ஏப்ரல் 19 தான், 1993-ல்), அரசாங்கம் துப்பாக்கியைப் பிடுங்கிவிடும் என்று தங்களுக்குள்ளேயே சொல்லிச் சொல்லி ஏற்றிக்கொண்ட பயம்.

இதில்தான் எனக்குக் குறை. இறந்தவர்களுக்கும் தப்பித்தவர்களுக்கும் மியூசியம் முக்கிய இடம் கொடுக்கிறது, அது நியாயம்தான், கொலைகாரனைப் பெரிதாகக் காட்டக் கூடாது என்பதும் புரிகிறது. ஆனால் 1992-லேயே உள்ளூர் பத்திரிகைக்கு ரத்தம் சிந்த வேண்டுமா என்று கேட்டுக் கடிதம் போட்ட ஒருத்தன் மூன்று வருடத்தில் லாரியோடு வந்து நிற்கிறானே, நடுவில் அவன் யாரோடு உட்கார்ந்து பேசினான், யார் தலையாட்டினார்கள் என்பதற்கு இன்னும் ஒரு பெரிய அறை கொடுத்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளப் போகிறவர்கள் வீட்டிலேயே கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள்.

உள்ளே டிக்கெட், குறைந்தது இரண்டு மணி நேரம் பிடிக்கும். வெளியே 168 நாற்காலிகளும் குளமும் இருக்கும் பகுதி இலவசம், இரவிலும் போகலாம், விளக்குப் போட்ட பிறகு இன்னும் நன்றாக இருக்கும். ஐந்துக்கு நான்கு.