ஐசிஜியா, 800சிடபிள்யூவா, 700டிஎக்ஸா?

அறுவையிலும் ஆய்வகத்திலும் திசுவையோ புரதத்தையோ ஒளிரவைத்துப் பார்க்க ஒளிரும் சாயம் வாங்கப் போகிறவர் விலைப்பட்டியலில் முதலில் பார்ப்பது அலைநீளத்தை, அடுத்து பிரகாசத்தை. நானும் அப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். ஆனால் 800 நானோமீட்டர் பக்கம் ஒளிரும் சாயங்கள் இந்த இரண்டிலும் அண்ணன் தம்பிகளைப் போலவே இருக்கும். எதோடு ஒட்டும், உடம்பை விட்டு எந்த வழியாக வெளியேறும் என்று கேட்டால்தான் ஆள் யார் என்று தெரியும்.

அகச்சிவப்பை ஒட்டிய இந்தப் பகுதிக்கு ஏன் போகிறோம்? கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரும்பங்கை ரத்தத்தின் ஹீமோகுளோபின் விழுங்கிவிடும். 900 தாண்டினால் தண்ணீர் விழுங்கத் தொடங்கும். நடுவில் 700 முதல் 900 வரை ஒரு சன்னல். திசு தானாகவே மினுங்கும் தொல்லையும் அங்கே குறைவு. இதற்கு விலையும் உண்டு. பச்சையாக ஒளிரும் ஃப்ளூரசின், உள்வாங்கும் ஃபோட்டான்களில் 90 சதவீதத்துக்கு மேல் திருப்பித் தரும். 800 பக்கத்தில் ஒளிரும், சயனின் என்ற குடும்பத்துச் சாயங்கள் நீரில் 10 சதவீதம் தந்தாலே பெரிய விஷயம். இருந்தும் இவைதான் ஜெயிக்கின்றன. இருட்டில் அகல் விளக்கே போதும், வெயிலில் பெட்ரோமாக்ஸ் ஏற்றினாலும் எடுபடாது.

மூத்தவர் ஐசிஜி, அதாவது இண்டோசயனின் கிரீன். 1950களில் புகைப்படச் சுருளுக்குச் சாயம் செய்துகொண்டிருந்த கோடாக் ஆய்வகத்தில் பிறந்தது. இதய ரத்த ஓட்டத்தை அளக்க மேயோ கிளினிக் மருத்துவர்களுக்கு 800 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சும் ஒரு சாயம் தேவைப்பட்டது. காரணம், அந்த இடத்தில் ஆக்சிஜன் ஏற்றிய ரத்தமும் ஏற்றாத ரத்தமும் ஒளியை ஒரே அளவில் உறிஞ்சும், அளவீடு குழம்பாது. அமெரிக்க அனுமதி 1959இல் கிடைத்தது. ஒளிர்வதற்காக அல்ல, உறிஞ்சுவதற்காகத் தேர்ந்தெடுத்த சாயம் இது!

நரம்பில் ஏற்றியதும் ஐசிஜி ரத்தப் புரதங்களைப் பற்றிக்கொள்ளும், ரத்தக்குழாயை விட்டு எளிதில் கசியாது. கல்லீரல் அதைப் பிடித்துப் பித்தத்தில் தள்ளிவிடும். மூன்று நான்கு நிமிடங்களில் ரத்தத்தில் இருந்தது பாதியாகிவிடும். குடலை வெட்டி இணைத்த இடத்துக்கு ரத்தம் வருகிறதா, பித்தநாளம் எங்கே ஓடுகிறது, மார்பகப் புற்றுநோயில் முதல் நிணநீர்க் கணு எது என்று பார்க்க இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் இதற்குப் பிடி கிடையாது. புற்றுநோய்ச் செல் போன்ற இலக்கைத் தேடிப் பிடிக்கும் புரதமான ஆன்டிபாடியோடு பிணைக்கத் தேவையான வினைக்குழு (வினைபுரிந்து இணையும் பகுதி) ஐசிஜி மூலக்கூறில் இல்லை. வினைக்குழு சேர்த்த வடிவங்கள் உண்டு. அவற்றை ஆன்டிபாடியில் ஏற்றினால் ஒளிர்வு பெருமளவு அணைந்துபோகிறது. சும்மா கலந்து வைத்தாலோ, ரத்தத்தில் போனதும் ஆன்டிபாடியை விட்டுவிட்டு ரத்தப் புரதமான அல்புமினோடு போய்விடும். இன்னொன்று: ஊசி மருந்தில் சோடியம் அயோடைடு இருப்பதால் அயோடின் ஒவ்வாமை உள்ளவர்களிடம் கவனம் வேண்டும்.

பிணைப்பதற்கு என்றே செய்த சாயம் ஐஆர்டை 800சிடபிள்யூ. உறிஞ்சல் 774, ஒளிர்வு 789 நானோமீட்டர். நான்கு சல்போனேட் குழுக்கள் இருப்பதால் நீரில் நன்றாகக் கரையும். அதன் என்ஹெச்எஸ் எஸ்டர் என்ற வினைபுரியும் வடிவம், புரதத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் அமீன் குழுவைப் பிடித்துக்கொள்ளும். பிஹெச் 8.5 பக்கம் வைக்க வேண்டும். பிஹெச்சை நிலையாக வைக்கும் கரைசல்களில் டிரிஸ் பஃபர் மட்டும் கூடாது, அதிலும் அமீன் இருப்பதால் சாயத்தை அதுவே தின்றுவிடும். ஓர் ஆன்டிபாடிக்கு ஒன்று முதல் மூன்று சாயம் போதும். அதிகம் ஏற்றினால் இன்னும் பளிச்சென்று தெரியும் என்று நினைப்பது புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு. நெருங்கி உட்கார்ந்த சாயங்கள் ஒன்றையொன்று அணைக்கும். ஆன்டிபாடியையும் கல்லீரல் சீக்கிரம் பிடித்துவிடும். பானிடுமுமாப் என்ற ஆன்டிபாடியோடு இதைப் பிணைத்து ஸ்டான்ஃபோர்டில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளிடம் சோதித்திருக்கிறார்கள். ஆன்டிபாடி மெதுவாகத்தான் போய்ச் சேரும் என்பதால் அறுவைக்குச் சில நாட்கள் முன்பே ஏற்ற வேண்டும்.

அத்தனை நாள் காத்திருக்க முடியாதா? அப்படியானால் ஆன்டிபாடியை விட்டுவிட்டுச் சிறு மூலக்கூறுக்குப் போகலாம். ஃபோலேட் என்ற பி வைட்டமினைப் போன்ற மூலக்கூறோடு சாயத்தைக் கோத்த பாஃபோலாசியனின், சினைப்பைப் புற்றுநோய்க்கு 2021லும் நுரையீரலுக்கு 2022லும் அமெரிக்க அனுமதி பெற்றது. சினைப்பை அறுவைக்கு 1 முதல் 9 மணி நேரம் முன் ஏற்றினால் போதும். ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் 48 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். மாத்திரையும் சாயமும் செல்லின் ஒரே வாசலுக்குத்தான் போட்டியிடுகின்றன.

சிறுநீர்க்குழாயைப் பார்க்க வேண்டுமானால் ஐசிஜியை நரம்பில் ஏற்றிப் பயனில்லை, அது பித்த வழிக்காரர். நேர், எதிர் மின்னேற்றங்களைச் சமப்படுத்திச் செய்த இசட்டபிள்யூ800-1 புரதங்களோடு ஒட்டாமல் சிறுநீரகம் வழியாகப் போய்விடும்.

700 பக்கத்தில் ஐஆர்டை 700டிஎக்ஸ் கொஞ்சம் விநோதமான பிறவி. இது சயனின் அல்ல, சிலிக்கன் தாலோசயனின் என்ற வேறு குடும்பம். ஒளியில் வெளுத்துப்போகாமல் நிற்பதில் சை5.5, சை7, அலெக்ஸா ஃப்ளூர் 750 என்ற மற்ற சாயங்கள் எதுவும் இதன் பக்கத்தில் வர முடியாது. ஆன்டிபாடியோடு செல்லில் உட்கார்ந்திருக்கும்போது 690 நானோமீட்டர் ஒளியை ஓங்கி அடித்தால் அந்தச் செல்லையே உடைக்கும். செடுக்சிமாப் என்ற ஆன்டிபாடியோடு பிணைத்த மருந்துக்கு ஜப்பான் 2020இல் அனுமதி கொடுத்தது அதனால்தான். சிகிச்சைக்கு அருமை. உயிருள்ள செல்லைச் சும்மா வேடிக்கை பார்க்க மட்டும் நினைப்பவர் ஒளியைப் பார்த்துத்தான் பாய்ச்ச வேண்டும்.

எலி ஆய்வு என்றால் எனக்கு 700ஐ விட 800தான் பிடிக்கும். எலித் தீவனத்தில் குதிரைமசால் இருந்தால் அதன் பச்சையம் 700 பக்கத்தில் ஒளிர்ந்து வயிறு முழுக்கக் கட்டி மாதிரி காட்டும். புரதங்களைப் பிரித்துச் சவ்வில் பதித்துப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டிலும் அப்படியே: மாதிரியில் கலக்கும் புரோமோஃபீனால் நீலம் 700இல் ஒளிரும், பால்பாயிண்ட் பேனா மையும் ஒளிரும். மங்கலான புரதத்தை 800க்கு ஒதுக்கிவிட்டு, ஆக்டின் மாதிரி ஏராளமாக இருப்பதை 700க்குக் கொடுங்கள். அப்புறம், சவ்வில் பெயர் எழுதப் பென்சில்.