எஸ்கேப் விசை போன வாரம்: விஐ எடிட்டரோடு 17 வருடம்

போன புதன்கிழமை என் மடிக்கணினியின் எஸ்கேப் விசை கழன்று கையோடு வந்துவிட்டது. இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் கடை வரிசையில் பழுது பார்க்கிறவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு விசையை மட்டும் மாத்த முடியாதுண்ணே, கீபோர்டையே மாத்தணும், 180 வெள்ளி ஆகும்" என்றார். மற்ற விசைகள் எல்லாம் நல்லபடியாக இருக்க, இது மட்டும் ஏன் இப்படித் தேய்ந்தது என்று கேட்டார். விஐ என்றேன். அவருக்குப் புரியவில்லை. அதே வாரம், ஈப்போவில் கணினி படிக்கும் நண்பரின் மகள், "அங்கிள், விஐ கத்துக்கச் சொல்றாங்க, கத்துக்கவா?" என்று கேட்டாள். இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

விஐ என்பது கணினிக் கோப்புகளை எழுதவும் திருத்தவும் உதவும் ஒரு பழைய எடிட்டர். அதில் இரண்டு நிலை: எழுதும் நிலையில் விசைகள் எழுத்தாக விழும், கட்டளை நிலையில் அதே விசைகள் கட்டளையாகும். அதற்கு மேல் இங்கே விளக்கப் போவதில்லை. நான் தினமும் திறப்பது விம், விஐயின் வழியில் பிறகு வந்த எடிட்டர். அதன் அடிப்படை பழக்கமெல்லாம் விஐதான். என் குறை ஒன்றே ஒன்று: எழுதும் நிலையிலிருந்து கட்டளை நிலைக்கு வர, எஸ்கேப் தட்ட ஒவ்வொரு தடவையும் கீபோர்டின் மேல் மூலைக்குக் கை போயாக வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை என்று எண்ணியதில்லை. சுண்டுவிரல் எண்ணியிருக்கும்.

இந்தக் கோபத்தில்தான் ஒரு காலத்தில் பழைய கதையைத் தோண்டினேன். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் விஐயை எழுதியபோது அவர் முன்னால் இருந்தது ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற டெர்மினல், அதாவது கணினியோடு இணைத்த திரையும் கீபோர்டும். அதில் எஸ்கேப் விசை, இன்று டேப் இருக்கும் இடத்தில், கியூவை ஒட்டி இருந்தது. சுண்டுவிரலை லேசாக நகர்த்தினால் போதும். எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சடித்திருந்தன. அதனால்தான் நாம் இன்றைக்கும் அந்த நான்கையும் வைத்து நகர்கிறோம். அவர் மேசைக்கு அது சரியான வடிவமைப்பு. பிறகு வந்த கீபோர்டுகள் எஸ்கேப்பை மேலே தூக்கிக்கொண்டு போய்விட்டன. எடிட்டர் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விரல் வலிக்கும்போது நியாயம் நினைவுக்கு வருவதில்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு. நம் நாட்டில் முத்து நெடுமாறன் உருவாக்கிய அஞ்சல் விசைமுறையில்தான் எனக்குக் கை ஓடும். ஆங்கில விசைகளை ஒலிப்படி தட்டினால் தமிழ் எழுத்து வரும். ஒரு வரி எழுதி முடித்து எஸ்கேப் தட்டுவேன். கீபோர்டு இன்னும் தமிழிலேயே இருக்கும். வரியை நீக்க டி விசையை இரண்டு தடவை தட்டினால் எடிட்டருக்குப் போய்ச் சேர்வது "ட்ட்". அதற்கு அப்படி ஒரு கட்டளையே தெரியாது, பேசாமல் நிற்கும். ஆங்கிலத்துக்கு மாற்றி, நீக்கி, மறுபடியும் தமிழுக்கு மாற்றி, எழுதும் நிலைக்குப் போகவேண்டும். ஒரு எழுத்துப்பிழைக்கு இவ்வளவு.

இதற்கு விம்மிலேயே வழி இருந்தது என்பது எனக்கு ஏழாவது வருடத்தில்தான் தெரிந்தது. கீமேப் என்று ஒரு வசதி. எந்த விசைகளுக்கு எந்த எழுத்து என்று ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்துவிட்டால், எழுதும் நிலையில் மட்டும் அது வேலை செய்யும். எஸ்கேப் தட்டியதும் கட்டளைகள் தானாக ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும். ஒரு தீபாவளி விடுமுறையில் உட்கார்ந்து உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என்று 247 வரிகளையும் கையால் அடித்தேன். முறுக்கு சுட்டுக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்து, "பாலர் வகுப்புப் பாடமா எழுதுற?" என்றார். அந்தக் கோப்புதான் நான் இதுவரை எழுதியவற்றில் எனக்குப் பிடித்தது. இன்றுவரை அதை மாற்றவில்லை.

அப்புறம், எதிர்பாராமல் கிடைத்த ஒரு சந்தோஷத்தையும் சொல்ல வேண்டும். அது விஐக்கும் மூத்த எடிட்டர்: ஈடி (ed). முழுத் திரையையும் வரையாது, வரி வரியாகத்தான் வேலை செய்யும்.

பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஆபீஸ் கணினியை நான் பார்த்துக்கொள்கிறேன். செக்ரோல் கணக்கு, அதாவது தொழிலாளர் சம்பளக் கணக்கு, சாதாரண டெக்ஸ்ட் கோப்பாகவே இருக்கிறது. ஒரு சாயங்காலம் கொட்டுகிற மழையில் தோட்டத்துக் கணக்கர், கிராணி, கூப்பிட்டார். ஒரு வரியில் தொகை தப்பு, மறுநாள் சம்பளம். கைப்பேசி இணைப்பில் உள்ளே நுழைந்தேன். விம் திரையை வரைந்து முடிப்பதற்குள் பாதியில் உறைந்து நின்றது. இரண்டு தடவை முயன்று விட்டுவிட்டு ஈடியைத் திறந்தேன். வந்தது ஒரே ஒரு எண்: 48212, கோப்பின் அளவு பைட்டில். தேட வேண்டியதைத் தட்டினேன், அந்த ஒரு வரி மட்டும் வந்தது. 18.40 இருந்த இடத்தில் 18.90 போட்டேன். சேமித்தேன். மறுபடியும் 48212. நான்கு இலக்கம் போய் நான்கு இலக்கம் வந்திருக்கிறது, ஒரு எழுத்துகூட கூடவோ குறையவோ இல்லை. அந்த எண்ணைப் பார்த்தபோது வந்த நிம்மதியை எந்த வண்ணத் திரையும் எனக்குத் தந்ததில்லை.

ஈடியைத் திட்டுகிறவர்கள் எல்லாரும் அதன் கேள்விக்குறியைத்தான் திட்டுவார்கள். எந்தத் தப்பு செய்தாலும் பதில் ஒரு கேள்விக்குறிதான். 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் அதை எழுதியபோது நிலைமை வேறு. டெலிடைப் 33 மாதிரியான இயந்திரம் தாளில் அடித்துத்தான் பதில் சொல்லும், விநாடிக்கு 10 எழுத்து. 30 எழுத்தில் ஒரு பிழைச்செய்தி என்றால் 3 விநாடி காத்திருக்க வேண்டும். அதற்குக் கேள்விக்குறியே மேல். லண்டன் குயீன் மேரி கல்லூரியில் ஜார்ஜ் கூலூரிஸ் 1976-இல் ஈடியைத் திரைக்கு ஏற்ப மாற்றி, சாதாரண மனிதர்களுக்கான எடிட்டர் என்ற பொருளில் 'எம்' என்று பெயர் வைத்தார். அந்த வருடமே பெர்க்லியில் பில் ஜாய் அதைப் பார்த்தார். அதிலிருந்து எக்ஸ் (ex) என்ற எடிட்டர் பிறந்தது. எக்ஸின் திரை முகமாக 1979-இல் விஐ வெளியானது. அவர் வீட்டிலிருந்து வேலை செய்தது 300 பாட் மோடத்தில், விநாடிக்குச் சுமார் 30 எழுத்து. 24 வரியும் 80 எழுத்துமாக ஒரு திரை நிரம்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். விஐயின் கட்டளைகள் ஓரெழுத்தும் ஈரெழுத்துமாக இருப்பது ஏன் என்று அந்த மழை நாளில்தான் எனக்கு உடம்பால் புரிந்தது. விம்மில் முக்காற்புள்ளி போட்டுத் தட்டுகிற கட்டளைகளில் பல ஈடியிலிருந்து வழிவழியாக வந்தவை. ஒன்றில் பழகிய கை மற்றதில் தடுமாறாது.

விம்மை உருவாக்கிய பிராம் மூலனார் 2023 ஆகஸ்டில் இறந்தார். எடிட்டரை இலவசமாகக் கொடுத்துவிட்டு, முடிந்தால் உகாண்டா குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று முதல் திரையிலேயே எழுதி வைத்தவர். அந்தச் செய்தி வந்த அன்று நான் வேலை எதுவும் செய்யவில்லை.

சரி, அந்தப் பெண்ணுக்கு என்ன சொன்னேன்? நானோ என்ற எளிய எடிட்டரைப் போட்டுக் கொடுத்தேன். கீழேயே கட்டளைகள் எழுதியிருக்கும், இரண்டு நிலை கிடையாது, தமிழும் தடையில்லாமல் அடிக்கலாம். அவளுக்கு அடுத்த வாரம் வேலை ஒப்படைக்க வேண்டும். என் 17 வருடத்து விரல்வலியை அவள் தலையில் ஏன் கட்ட வேண்டும்? இன்றைய மனநிலையில் யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

விசை இல்லாத இந்த நாட்களில் கண்ட்ரோலோடு இடது சதுர அடைப்புக்குறியைத் தட்டிச் சமாளிக்கிறேன். கணினி ஒவ்வொரு விசைக்குறிக்கும் வைத்திருக்கும் எண்தான் ஆஸ்கி எண்: எஸ்கேப்பின் எண் 27, அடைப்புக்குறியின் எண் 91. கண்ட்ரோல் அதிலிருந்து 64-ஐக் கழித்துவிடும், அதனால் இரண்டும் எடிட்டருக்கு ஒன்றே. கை மூலைக்குப் போக வேண்டியதில்லை, விரல்வலியும் குறைந்திருக்கிறது. இருந்தாலும் இன்று காலை கடைக்குப் போய் 180 வெள்ளியைக் கட்டிவிட்டு வந்தேன்.