கோழிக்கு ராணிக்கெட் என்று சொல்லிவிட்டு, மிச்சக் கோழிக்கு விலை பேசுகிறார்கள்

ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கம் வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். "கோழி டாக்டர்" என்று சொல்லிக்கொண்டு ஒருவர் பைக்கில் வருகிறார். பின்னால் மருந்துப் பெட்டி கட்டியிருக்கும். உங்கள் கோழியைப் பார்த்து ராணிக்கெட், அதாவது கோழிக் கழிச்சல் நோய் என்பார். ஊசி போடுவார், பவுடர் கொடுப்பார், காசு வாங்குவார். அவர் போன கையோடு ஒரு வியாபாரி வந்து, நன்றாக இருக்கிற கோழிகளை அடிமாட்டு விலைக்குக் கேட்பார். இரண்டு பேரும் கூட்டு.

எங்கள் வீட்டில் இருப்பது பெரும்பாலும் சிறுவிடை ரக நாட்டுக்கோழி. பண்ணையெல்லாம் இல்லை. முட்டைக்கு, விருந்தாளி வந்தால் குழம்புக்கு, அப்புறம் அம்மாவின் கைச்செலவுக்கு. அதில் நன்றாக முட்டை வைத்துக்கொண்டிருந்த ஒரு பெட்டை ஒதுங்கி நிற்க ஆரம்பித்தது. சிறகைப் புடைத்துக்கொண்டு தூங்கி விழுந்தது. தீவனம் போட்டால் ஓடி வரும், ஆனால் பேருக்குக் கொத்திவிட்டு நின்றுவிடும். கழுத்தை ஒரு மாதிரி நீட்டி நீட்டி நெளித்தது. எச்சம் தண்ணியாக, பச்சையும் வெள்ளையுமாகப் போனது. மற்ற கோழிகளுக்கு ஒன்றுமில்லை, குப்பையைக் கிளறிக்கொண்டு நன்றாகத்தான் திரிந்தன.

தெரிந்தவர் ஒருவர் இந்த ஆளின் நம்பரைக் கொடுத்தார். வந்தார். வாசலில் நின்றபடியே, "ராணிக்கெட்டுங்க அக்கா. பச்சையா கழியுது பாருங்க, கழுத்தை வேற முறுக்குது. ஒண்ணுக்கு வந்தா எல்லாத்துக்கும் வந்துரும்" என்றார். கோழியைக் கையில் பிடிக்கவே இல்லை. பிப்ரவரியில் கால்நடைத் துறை இலவசமாக நடத்துகிற கோழிக் கழிச்சல் முகாமில் எல்லாவற்றுக்கும் தடுப்பூசி போட்டாயிற்றே என்றேன். "அரசாங்க ஊசியெல்லாம் ஐஸ் இல்லாம வருதுங்க, எங்க வேலை செய்யப் போகுது" என்று சிரித்தார். சொல்லிவிட்டுத் தன் பெட்டியைத் திறந்தார். அதில் ஐஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வெயிலில் சூடேறிய பெட்டிக்குள்ளிருந்து ஒரு குப்பியை எடுத்துக் கரைத்து, நோயாளிக் கோழிக்கும் மற்றவற்றுக்கும் ஒரே ஊசியால் வரிசையாகக் குத்தினார்.

குப்பியில் இருந்தது ராணிக்கெட் தடுப்பூசி. அதை மருந்து என்று சொல்லித்தான் போட்டார். தடுப்பூசி, வந்த நோயைக் குணப்படுத்தாது. ஆரோக்கியமான கோழிக்கு முன்கூட்டியே போடுவது அது. உயிருள்ள வைரஸ் கொண்ட தடுப்பூசி என்பதால் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும், கரைத்ததும் சீக்கிரம் போட்டுவிட வேண்டும். வாடிக் கிடக்கிற கோழிக்குப் போட்டால் அது இன்னும் தளர்ந்துதான் போகும். எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி என்றால், ஒன்றிடம் நிஜமாகவே ஏதாவது இருந்தால் மற்றதற்கும் நாமே ஏற்றிவிடுகிறோம்.

ஊசிக்கு ஒரு தொகை, வந்து போனதற்கு ஒரு தொகை, தண்ணீரில் கலக்க ஒரு பவுடர், ஈரல் டானிக், வைட்டமின் என்று எல்லாம் சேர்த்து 1,700 ரூபாய் கறந்தார். அந்தப் பெட்டையை விற்றால்கூட அவ்வளவு வராது. பவுடரின் அளவு பாக்கெட்டில் ஆயிரம் கோழிக்கு இவ்வளவு என்று போட்டிருக்கிறது. நாமக்கல் மாவட்டத்தில் இது ஒரு தொல்லை. கோழி மருந்துக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் எல்லாம் முட்டைப் பண்ணைக் கணக்கு. கைப்பிடிக் கோழி வைத்திருக்கிற வீட்டில் அதை எப்படி அளப்பது? "ஒரு சிட்டிகை போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முட்டையைச் சாப்பிடலாமா, எத்தனை நாள் தள்ளி வைக்க வேண்டும் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் நான் வேலைக்குப் போயிருந்தபோது வியாபாரி வந்திருக்கிறார். "உங்க வீட்ல நோய் விழுந்திருச்சாமே, ஊரெல்லாம் பேச்சாயிருக்குதுங்கம்மா. இப்பக் குடுத்தா கிலோ 150, நாளைக்குக் குழி வெட்டித்தான் போடணும்." அக்கம்பக்கத்தில் ஒருவரிடமும் நாங்கள் மூச்சு விடவில்லை. பிறகு எப்படி அவருக்குத் தெரியும்? நாட்டுக்கோழி உயிர் எடை 400 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்த நேரம். அம்மா பயந்துபோய்ப் பாதிக்கு மேல் கொடுத்துவிட்டார். பயமுறுத்தித்தானே வாங்கினார்கள், அவரை என்ன சொல்ல முடியும்.

இதில் ஒன்றை யோசியுங்கள். நிஜமாகவே ராணிக்கெட் என்றால் அந்த வீட்டுக் கோழிகளைச் சந்தைக்குக் கொண்டு போகவே கூடாது. நோய் ஊர் ஊராகப் பரவுவது அப்படித்தான். சந்தையில் வாங்கிய ஒரு கோழி, அதே கூடை, அதே வண்டி, அதே கால் செருப்பு. ஆக, அந்த ஆள் சொன்னது மெய்யானால் அவர்கள் நோயை விற்கிறார்கள், பொய்யானால் கோழியைத் திருடுகிறார்கள். இரண்டில் எதுவானாலும் அவர்களை வாசலில் ஏற்றக் கூடாது.

நோயாளிப் பெட்டையை மட்டும் வியாபாரி தொடவில்லை. பவுடர் தண்ணீரைக் குடித்து அது இன்னும் வாடியது. கூடையில் வைத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா முதலில் செய்தது கோழியைக் கையில் வாங்கியதுதான். நெஞ்செலும்பை விரலால் தடவினார். கத்தி முனை மாதிரி நின்றது, சதை கரைந்திருந்தது. கொண்டை வெளுத்திருக்கிறதா, நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பார்த்தார். வாயைத் திறந்து மோந்தார். சிறகுக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் பேன் இருக்கிறதா என்று விலக்கினார். வயிற்றை அமுக்கி முட்டை ஏதும் அடைத்திருக்கிறதா என்று பார்த்தார். கடைசியில் கழுத்தடியில், நெஞ்சுக்கு மேலே வலப்பக்கமாக இருக்கிற, தின்ற தீனி முதலில் தங்குகிற இரைப்பையில் கை வைத்தார். "இங்க பிடிச்சுப் பாருங்க" என்றார். உள்ளே ஒரு கட்டி, கல்லாட்டம்.

ராத்திரி முழுக்க அடைந்து கிடந்த கோழிக்கு விடிகாலையில் இரைப்பை காலியாக, சப்பென்று இருக்க வேண்டுமாம். கொடாப்பிலிருந்து விடுவதற்கு முன்பு தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். கெட்டியாக இருந்தால் அடைப்பு. தண்ணிப் பை போலத் தொளதொளவென்று, வாயில் புளித்த வாடை அடித்தால் உள்ளே தீனி புளித்து நிற்கிறது. அப்படி இருக்கும்போது கோழியைத் தலைகீழாகப் பிடித்து அமுக்குகிறவர்கள் உண்டு, செய்யாதீர்கள் என்றார், மூச்சுக்குழாயில் போய்விடும். பச்சைக் கழிச்சலைப் பற்றிக் கேட்டேன். தீனி உள்ளே இறங்காத கோழிக்கு எந்தக் காரணத்தாலும் பச்சையாகப் போகும், அது பித்தம். கழுத்தை நெளித்தது அடைப்பைத் தள்ளப் பார்த்ததுதான். ராணிக்கெட்டில் கழுத்து முறுக்குவது வேறு, தலை பின்னால் திருகிக்கொள்ளும், கால் சிறகு இழுத்துக்கொள்ளும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும். அதோடு அது ஒரே கோழியோடு நிற்கிற நோயும் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் சாயும்.

மரக்க ஊசி போட்டு, இரைப்பையைக் கொஞ்சம் கீறி, உள்ளே இருந்ததை எடுத்தார். காய்ந்த புல், தேங்காய் நார், எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டியபடி உரச்சாக்கின் நீல நூல். இரைப்பைக்கு ஒரு தையல், மேல்தோலுக்கு ஒரு தையல். கட்டணம் கிடையாது. தனியாக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சியும் ஊறவைத்த அரிசியும் கொடுத்தோம். தேறிவிட்டது. முட்டை மட்டும் இன்னும் வைக்கவில்லை.

அந்தப் பவுடர் பாக்கெட்டையும் கையோடு கொண்டு போயிருந்தேன். டாக்டரம்மா பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு, "இது எங்க கிடைச்சது?" என்று கேட்டார். அதில் கொலிஸ்டின் இருக்கிறது. மனிதர்களுக்கு வேறு எந்த ஆன்டிபயாட்டிக்கும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கிற மருந்து. கோழி, மாடு, மீன் போன்ற உணவுக்கான உயிர்களுக்கு அதைத் தயாரிக்கவும் விற்கவும் கூடாது என்று 2019 ஜூலையிலேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது. அதைத்தான் நம் வீட்டுக் குழந்தைகள் முட்டை தின்கிற கோழிக்கு "ஒரு சிட்டிகை" கலக்கச் சொல்லியிருக்கிறார். ராணிக்கெட்டாகவே இருந்திருந்தாலும் அது வைரஸ், எந்த ஆன்டிபயாட்டிக்கும் அதைத் தொடாது.

அந்த "கோழி டாக்டரு"க்குப் போன் செய்து கேட்டேன். முதலில் "அந்த மருந்தாலதான் உங்க கோழி பிழைச்சுது" என்றார். வியாபாரி பேச்சை எடுத்ததும் வைத்துவிட்டார். இப்போது நம்பரும் போவதில்லை. படிப்பு என்ன, பதிவு எண் என்ன என்று வந்த அன்றே கேட்டிருந்தால் வண்டியை அப்படியே திருப்பியிருப்பார் என்று நினைக்கிறேன். கால்நடை வைத்தியம் பார்க்கிற டாக்டர் யாராக இருந்தாலும் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்திருப்பார். நிஜ டாக்டர்கள் எண்ணைக் கேட்டால் கோபப்படுவதில்லை.

மருந்தகம் தூரம் என்றால் 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம், கால்நடை ஆம்புலன்ஸ் எண் அது, கட்டணமில்லை. கோழிகள் பொத்துப் பொத்தென்று சாகின்றன என்றால் பவுடரில் காசைக் கொட்ட வேண்டாம். செத்ததை வெறுங்கையால் தொடாமல் இரண்டு கவரில் போட்டுக் கட்டி, ஐஸ் வைத்து, கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டு போனால் அறுத்துப் பார்த்துச் சொல்வார்கள். பறவைக் காய்ச்சல் சந்தேகம் இருந்தால் எடுத்துக்கொண்டு அலையாமல், முதலில் போனில் மருந்தகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

மாவட்டக் கால்நடைத் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு வீட்டுப் புகார் என்றால் இழுத்தடிக்கும். இதே போல உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால் நீங்களும் எழுதிக் கொடுங்கள். பவுடர் பாக்கெட், ஊசிக் குப்பி எதையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பேட்ச் எண் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள், அங்கே முதலில் அதைத்தான் கேட்டார்கள்.